இடது பக்கத்து பிரேக்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, தை 29. விடிகாலை ஐந்து நாற்பது. கோவில்பட்டியில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று கொஞ்சமும் இல்லை. அந்த நேரத்தில் என் இடது கால் பெருவிரலில் வலி தொடங்கியது.

அந்தப் பெருவிரல் எனக்கு இல்லை. 1988-லேயே போய்விட்டது. முட்டுக்குக் கீழே ஆறு அங்குலம் விட்டுவிட்டு மீதியை வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. இப்போது அறுபத்தேழு.

போன கால் முழுவதுமாகப் போய்விடுவதில்லை என்பது கால் போனவர்களுக்குத் தெரியும். இருக்கிற மாதிரியே இருக்கும். என் பாதம் எப்போதும் கீழ்நோக்கி அழுந்தி, ஐந்து விரலும் மடங்கி, எதையோ பற்றிக்கொண்டிருப்பது போல இருக்கும். முதல் இரண்டு வருடம் வலித்தது. பிறகு பழகிவிட்டது. கூட்டுக்குடும்பத்தில் பேசாத ஒரு சித்தப்பா இருப்பதைப் போல அதுவும் ஒரு பக்கம் இருந்தது. இப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தது.

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். முன்னாள் படைவீரர்கள் கூடும் மாதக் கூட்டத்தில் மூன்று பேர் விவரம் கேட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் சொன்னேன். நாலாவது ஆளும் கேட்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டால் என் தொண்டை மிஞ்சும்.

பதினாறு நாள் பொறுத்தேன். மாத்திரை மாற்றி மாற்றி முப்பத்தெட்டு விழுங்கினேன். தினமும் அதே ஐந்து நாற்பதுக்கு வலி வந்தது. பால்காரருக்குக்கூட அந்த ஒழுங்கு கிடையாது. பொய்க்காலை மாட்டினால், சாக்கெட்டுக்குள், அதாவது மீதிக் கால் போய் உட்காரும் கிண்ணத்துக்குள், மின்சாரம் பாய்ந்தது போலச் சுண்டியது. நடையை நிறுத்தினேன். கடைக்குப் போவதை நிறுத்தினேன். எடை நாலு கிலோ குறைந்தது. என் மனைவி சண்முகத்தாய் பதினேழாவது நாள் காலையில் பையில் துணியை எடுத்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு. வருதீங்களா, இல்ல நான் மட்டும் போயி உங்க வலியச் சொல்லட்டா?"

திருநெல்வேலியில் எங்கள் படைவீரர் அட்டையை ஏற்றுக்கொள்ளும் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். காத்திருக்கும் இடத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கால் உடையாதவை முப்பத்தேழு. எனக்கு டோக்கன் நாற்பத்தேழு. பத்தேகால் மணிக்குப் பன்னிரண்டாம் எண் உள்ளே போனது. டோக்கன் இல்லாமல் உள்ளே போனவர்கள் ஒன்பது பேர். நான் எண்ணுவதைப் பார்த்த சண்முகத்தாய், "அங்கன எண்ணி என்ன ஆவப் போவுது? கண்ண மூடிக்கிட்டு இரிங்க" என்றாள். கண்ணை மூடினாலும் பெயர் கூப்பிடுவது காதில் விழத்தானே செய்கிறது. பத்தாவது ஆள்.

எண்ணுவது என் தொழில். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு இருபத்தேழு வருடம் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்யும் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம். ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நாலு பெட்டி. ஒரு பெட்டி குறைந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அறுவை மருத்துவருக்கு நாற்பது வயது இருக்கும். மீதிக் காலின் நுனியில் ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டியதும் இல்லாத பெருவிரலில் இடி இறங்கியது. "ஐயோ" என்றேன். "இதான்" என்றார். அவருக்கு மகிழ்ச்சி.

பிறகு ஸ்கேன், நரம்புச் சோதனை, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஒரு ரத்தச் சோதனை, நெஞ்சுச் சோதனை. எல்லாவற்றுக்குமாக 9,400 ரூபாய். ஸ்கேன் குழாய்க்குள் இருபத்திரண்டு நிமிடம். உள்ளே வருகிற டமடம சத்தத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஏழு அடி, ஒரு இடைவெளி, மறுபடி ஏழு. அதனால்தான் என்னால் படுத்திருக்க முடிந்தது.

நோயின் பெயர் நரம்பு முடிச்சு. வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது. வளர்ந்து போக இடம் தேடும். போகிற வழி இல்லாவிட்டால் அங்கேயே சுருண்டு முண்டு முண்டாகத் திரளும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கிறதே, அதைப் போல. என் முடிச்சு ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு. அதை எடுத்து, நரம்பின் நுனியைத் தசைக்குள் புதைத்துத் தைப்பார்கள்.

"எடுத்துட்டா வலி போயிருமா?" என்று கேட்டேன்.

"கரண்ட் அடிக்கிற வலி போயிரும். ஆனா அந்தப் பாதம் மடங்கியே இருக்குன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அது வேற. அது உங்க தலைக்குள்ள இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தாறு வருடமாக ஊர் சொன்னதையே படித்தவரும் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவரே விளக்கினார். மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறதாம். கால் போனாலும் வரைபடத்தில் கால் அழியாது. கடைசியாக வந்த சேதி எதுவோ அதையே மூளை வைத்துக்கொண்டிருக்கும்.

மார்ச் 4, திங்கட்கிழமை அறுவை. ஒன்றரை மணி நேரம். முதுகில் ஊசி போட்டார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். கிரிக்கெட் பேசினால் ஆபத்து இல்லை என்று அர்த்தம். பேச்சு நின்ற இடம் ஒன்றுதான், சுமார் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் எனக்குத் தெரிந்த சாமி பெயர் எல்லாம் இரண்டு சுற்று முடிந்தது.

ஒன்பது நாள் படுக்கை. நாலு கட்டில் உள்ள அறை. என் கட்டிலுக்கு மேலே கூரையில் எண்பத்து நாலு சதுரம். பதினொன்றில் தண்ணீர்க் கறை. கழிவறைக்கு ஊன்றுகோலில் பதினான்கு எட்டு. இட்லி நாலு கொடுத்தார்கள்; நாலும் சேர்த்தால் வீட்டு இட்லி இரண்டே கால். மகள் பேச்சியம்மாள் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். ஆட்டோவில் வந்துவிட்டு பஸ்ஸில் வந்ததாகச் சொல்வாள். ஆட்டோக்காரர் வாசல் வரை வந்து மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மருத்துவர் சொன்னது நடந்தது. சுண்டுகிற வலி நின்றது. ஆனால் ஆறாவது நாள் காலை ஐந்து நாற்பதுக்கு, பாதம் தன் வேலையைத் தொடங்கியது. விரல்கள் மடங்கி, உள்ளங்கால் அழுந்தி, ஆடுசதை பிழிந்து. ஆடுசதை எங்கே இருக்கிறது?

கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்த சண்முகத்தாய் எழுந்தாள்.

"எங்கன வலிக்கி?"

"பாதத்துல."

போர்வை என் இடது முட்டுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் தட்டையாகிவிடும். அவள் அந்தத் தட்டையான இடத்தில் கையை வைத்தாள். "இங்கனயா?"

"ஏட்டி, அங்கன என்ன இருக்கு? மெத்தைதான் இருக்கு."

"நீங்கதான பாதம்னீங்க? இங்கனயா, இன்னும் கீழயா?"

வலி பிடுங்கும்போது வாதாட முடியாது. "இன்னும் ரெண்டு விரற்கடை கீழ" என்றேன்.

இரண்டு கையாலும் மெத்தையை அமுக்கினாள். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துச் சொடக்கு எடுத்தாள். சொன்னால் நம்ப வேண்டாம், வலி ஒரு காலணா அளவு குறைந்தது. மூன்றாம் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் அப்படிச் செய்தாள். எட்டாவது நாள் சீக்கிரமே வந்த உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஜெபா அதைப் பார்த்துவிட்டாள். இருபத்தாறு வயதுப் பெண். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"குறையுதா சார்?"

"கொஞ்சம்."

"அம்மா, நீங்க எங்க படிச்சீங்க?" என்று சண்முகத்தாயிடம் கேட்டாள். "நாங்க நாலரை வருஷம் படிச்சதை மெத்தையில செய்யுதீங்க."

அன்று மத்தியானம் ஜெபா தன் அறையில் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு முகக்கண்ணாடியை நிறுத்தினாள். இரண்டடிக்கு ஒன்றரை அடி. கண்ணாடியில் என் வலது பாதம் இடது பாதமாகத் தெரிந்தது. முப்பத்தாறு வருடம் கழித்து என் இரண்டு பாதத்தையும் ஒன்றாகப் பார்த்தேன். இடது பாதத்துக்கும் வயசாகியிருந்தது. அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

"கண்ணாடியில தெரியுத கால மட்டும் பாருங்க. ரெண்டு காலையும் சேத்து விரல விரிங்க."

வலது விரிந்தது. கண்ணாடியில் இருந்ததும் விரிந்தது. என்னுடையது விரியவில்லை. முப்பது முறை செய்தேன். முப்பது முறையும் விரியவில்லை.

"சார், அந்தக் கால் கடைசியா என்ன செஞ்சிக்கிட்டு இருந்துச்சி?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. எங்கே நடந்தது, யார் வைத்தது, எவ்வளவு பென்ஷன் என்று கேட்டிருக்கிறார்கள்.

"பிரேக் போட்டுது" என்றேன்.

"பிரேக் வலது கால்லல்லா சார்? இடது கால்ல கியர்தான."

"அது உங்க வண்டியில. நான் ஓட்டினது அந்தக் காலத்துப் பட்டாளத்து புல்லட். அதுல கியர் வலது, பிரேக் இடது."

பிறகு சொன்னேன். நான் சேதி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஓட்டி. தினமும் மலைப் பாதையில் அறுபத்து நாலு கிலோமீட்டர் போய் அதே தூரம் வருவேன். அன்று ஒரு வளைவில் பாதை ஓரத்து மண் புதிதாகக் கிளறியது போல இருந்தது. இடது காலால் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினேன். வண்டி வழுக்கிச் சரியாக அந்த மண் மேலேயே போய் நின்றது. அழுத்தாமல் இருந்திருந்தால் அதே வேகத்தில் அதைத் தாண்டிப் போயிருப்பேனா என்று பிறகு கணக்குப் போட்டிருக்கிறேன். நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பதினோரு மீட்டர். முப்பத்தைந்து என்றால் ஒன்பதே முக்கால். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

சண்முகத்தாய் கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கும் இது புதிது. மண்ணுக்குள் வெடி இருந்தது, வெடித்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்; அப்போது பட்டாளத்திலிருந்து வீட்டுக்குப் போன தந்தியிலும் அவ்வளவுதான். "தந்தியில அது இல்லியே" என்றாள். 

ஜெபா கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தாள். "சார், அது சதைப்பிடிப்புமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க இன்னும் பிரேக்க மிதிச்சிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அட்டையில் கழிந்தது போக நான் கட்டியது 41,500. கணக்கு முடிக்கும் சன்னலில் நிற்கும்போது மருத்துவர் அந்தப் பக்கமாக வந்தார். நான் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"முட்டுக்கு மேல வெட்டிருங்க. பாதம் இருந்த இடத்தில இருந்து இன்னும் தள்ளிப் போயிட்டா விட்டுரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, மேல வெட்டினா முட்டு போயிரும். பாதம் போகாது. இன்னைக்கு உங்களால மாடிப்படி ஏற முடியுதுன்னா அது அந்த முட்டாலதான்."

"இதோட என்னால இருக்க முடியாது. காகிதத்துல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"ஜூலை வரைக்கும் பொறுங்க. முப்பத்தொண்ணாம் தேதி வாங்க. அப்பவும் இதையே சொன்னீங்கன்னா பேசுவோம்."

ஜூலை 31, புதன்கிழமை என்று சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நூற்று நாற்பத்தோரு நாள் இருந்தது.

வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ ஜெபாவிடம் பஸ்ஸில் போய் வந்தோம். புண் ஆறி மீதிக் காலின் வடிவம் மாறியதால் புதிய சாக்கெட் வார்க்க வேண்டியிருந்தது, 18,000. கண்ணாடியில் பெரிய முன்னேற்றம் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஜெபா, "சார், அந்த மாதிரி பிரேக் இடது பக்கம் உள்ள வண்டி எங்கயாவது இருக்கா? ஓட்ட வேண்டாம். சும்மா உக்காந்து மிதிச்சி, விட்டுப் பழகணும்" என்று கேட்டாள். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வதாகவும் சொன்னாள். அவர், "மருந்துன்னு நான் எழுதித் தர மாட்டேன். கெடுதல் இல்லை" என்றாராம்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் பிச்சையா பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு ஆறு வயது இளையவர். ஏலத்தில் எடுத்த ஒரு பட்டாளத்து புல்லட் அவர் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடப்பது எனக்குத் தெரியும். அதன் பக்கமாகப் பார்க்காமலேதான் இத்தனை வருடம் பட்டறையைக் கடந்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, சும்மா தூசி தின்னுக்கிட்டுதான கிடக்கு. உக்காருங்க" என்றார்.

பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் போடாமல், தினமும் ஐம்பது முறை பிரேக்கை மிதித்து விட்டேன். மிதிப்பது எளிது. பொய்க்காலை முட்டால் தள்ளினால் போதும். விடும்போது பொய்க்கால் மேலே வந்துவிடும், பாதம் கீழேயே இருக்கும். பட்டறைக்கு வந்தவர்கள், "பெரியவரே, எந்த ஊர் வரைக்கும் போயிட்டீய?" என்று கேட்டார்கள். ஒருவன் டிக்கெட் கேட்டான்.

மே முடியும்போது, ஓடாத வண்டியில் மிதிப்பது காலுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. காலை ஏமாற்ற முடியாது. ஓட்டினால்தான் உண்டு. சண்முகத்தாயிடம் சொன்னேன்.

அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு தந்தி வாங்கிட்டேன். இன்னொண்ணு வாங்க மாட்டேன். நானும் கூட ஏறுவேன். போனா சேந்து போவோம்."

அவள் பின்னால் உட்கார்ந்தால் இடது பக்கம் ஊன்ற முடியாத எனக்குப் பாரம் தாங்காது. பிச்சையா தலையைச் சொறிந்தார். பிறகு வண்டியின் இடது பக்கம் மூன்றாவது சக்கரம் வைத்து ஒரு ஆள் உட்காரும் தொட்டி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். அதனால் வண்டி சாயாது; கால் ஊன்ற வேண்டியதும் இல்லை. பின் பிரேக்கைக் கைக்கு மாற்றிவிடலாம் என்றார். "கூடாது, அது இருந்த இடத்துலயே இருக்கணும்" என்றேன். வேண்டுமானால் முன் பிரேக்கை நன்றாகப் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள் என்றேன். போக்குவரத்து ஆபீசுக்கு மூன்று நடை நடந்து, வண்டியைக் காட்டி, ஓட்டிக் காட்டி, தாள் வாங்கினோம். அந்தக் கட்டணமும் சேர்த்து பிச்சையாவுக்கு 26,500.

தாள் வருவதற்கு முன்பே, மூடிக்கிடக்கும் தீப்பெட்டி ஆபீசின் உள்முற்றத்தில் ஓட்டிப் பழகினேன். ஒரு சுற்றுக்கு நூற்றெண்பது அடி. முதல் நாள் இருபது சுற்று. சுகமாகத்தான் இருந்தது. இறங்கியதும் பிச்சையா பின் சக்கரத்தின் நடுவில், பிரேக் கட்டை இருக்கிற குடத்தில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏ அம்மா! அண்ணாச்சி, பிரேக்க மிதிச்சிக்கிட்டேல்லா ஓட்டியிருக்கீய?"

"நான் மிதிக்கலியே."

"அப்ப குடத்துக்குக் காய்ச்சலா அடிக்கி?"

குடிக்கிற தண்ணீரைக் கையில் எடுத்து அதன் மேல் தெளித்தார். சுர்ரென்றது. மூன்று எண்ணுவதற்குள் காய்ந்துவிட்டது.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தாறு வருடமாக எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று, என் மனைவியும் மருத்துவரும் என் வார்த்தையை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்த ஒன்று, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சொல்கிறது. எனக்குத் தெரியாமலே என் முட்டு பொய்க்காலை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் தண்ணீர்ச் சோதனை. ஜூன் 20-ல் நாலு எண்ணிக்கை. ஜூலை 5-ல் ஏழு. ஜூலை 14-ல் பதினொன்று வந்தது, சந்தோஷப்பட்டேன். 15-ல் மறுபடி ஐந்து. ஜெபாவிடம் காகிதத்தைக் காட்டினேன். "காய்ச்சல் சார்ட் மாதிரியே இருக்கே சார்" என்றாள். காலை ஐந்து நாற்பது வலி மட்டும் ஐந்து நாற்பதுக்கே வந்துகொண்டிருந்தது.

ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, ஆடி 12. மருத்துவர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று நாள். கையெழுத்துப் போடுவது என்றே முடிவு செய்திருந்தேன். அதற்கு முன் ஒருமுறையாவது ரோட்டில் ஓட்டிவிட வேண்டும் என்று கடம்பூர் வரைக்கும் கிளம்பினோம். சண்முகத்தாய் தொட்டிக்குள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தாள். "நெல்லு அவிக்கிற கொப்பரையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள்.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. ஆடிக் காற்று வலது பக்கமாக வந்து எங்களைத் தொட்டியோடு சேர்த்துத் தள்ளியது. கரிசல் வெடித்துக் கிடந்தது; ஒரு பசுமை இல்லை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றின் இறக்கை நிமிடத்துக்குப் பதினேழு சுற்று. வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது என்பது அவள் நிபந்தனை. முள்ளை அவளும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பாலத்தருகே செம்மறி ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நன்றாகவே நின்றது. ஆடுகள் போயின; அறுபத்து மூன்று. கடைசி ஆடும் இறங்கியது. கிளட்சை விட்டேன். வண்டி முனகியது, நகர்ந்தது, கனத்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அப்படியே இழுத்தது.

"ஏங்க, ஆடு போயிட்டு. கால எடுங்க."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல. நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்."

குனிந்து பார்த்தேன். என் ஷூ பிரேக்கின் மேல் அழுந்தியிருந்தது. அவள் தொட்டியிலிருந்து கையை நீட்டி, பொய்க்காலின் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மெத்தையில் வைப்பாளே, அதே மாதிரி.

"விடுங்க" என்றாள்.

இந்தச் சொல்லை அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பென்ஷன் தாளில் பிழை வந்தபோது, மகள் கல்யாணத்தில் சம்பந்தி பேசியபோது, நான் கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிடாமல் இருந்தபோது. விடுங்க, போனது போச்சு. எனக்கு எரிச்சல்தான் வரும். அன்று அவள் வேறு ஒன்றையும் சொல்லவில்லை, பிரேக்கைத்தான் சொன்னாள்.

முட்டைத் தூக்கினேன். பொய்க்கால் மேலே வந்தது. கூடவே பாதமும் வந்தது. இறுக்கமான பூட்ஸை நாள் முழுக்கப் போட்டுவிட்டுக் கழற்றினால் எப்படி இருக்கும், அப்படி. சுண்டுவிரலில் தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று விரிந்தன. ஐந்தாவது பெருவிரல். பிறகு அங்கே ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிறது என்பது வேறு, இல்லை என்பது வேறு. என் இடது கால் அன்றைக்கு, காலை எட்டு இருபத்தைந்துக்குத்தான் போனது.

மீதி தூரமும் ஓட்டினேன். கடம்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கியதும் சண்முகத்தாய் பாட்டிலைத் திறந்து, பின் சக்கரத்துக் குடத்தில் விரலால் தண்ணீர் தெளித்தாள். சத்தம் வரவில்லை. எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் போனது. தண்ணீர் காயவில்லை, சொட்டுச் சொட்டாக உருண்டு ரோட்டில் விழுந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள். காற்று அடித்ததும் உண்மைதான்.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு விழிப்பு வந்தது. வலி வரவில்லை. ஆறேகால் வரை காத்திருந்தேன். ஜூலை 31 மருத்துவரிடம் போனேன். கையெழுத்து வேண்டாம் என்றேன். அவர் முட்டை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சி இன்னும் ரொம்ப நாள் நடக்கலாம். வண்டிய நிறுத்திராதீங்க" என்றார். இது எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மழை மூட்டம் போட்டால் இரண்டு விரல் லேசாக மடங்குகிறது. அப்போது பிச்சையாவுக்குப் போன் செய்கிறேன்.

கணக்கு இதுதான். சோதனைகளும் அறுவையும் சாக்கெட்டும் வண்டியும் மேலே எழுதியிருக்கிறேன். திருநெல்வேலிக்குப் பதினான்கு நடை, இரண்டு பேர், 3,360. பெட்ரோல் 640. ஆக 99,400. கடம்பூரில் கேட் திறக்கும் வரை காத்திருந்தபோது வாங்கிய போளி ஆறு, 90 ரூபாய். போளி ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது என்கிறாள் சண்முகத்தாய். நாலு அவள்தான் தின்றாள். நான் அதை மருந்துச் செலவில்தான் எழுதியிருக்கிறேன். மொத்தம் ரூபாய் தொண்ணூற்றொன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு.